நாற்பது கட்டில்

என் மனைவியின் ஒரு நாள் மூச்சு பதினெட்டாயிரம், வரி தனி. கதவே இல்லாதவனுக்கும் பூட்டு விற்றவன் நான். பில் கவுண்டரில் அரை மணி நேரம் பேரம் பேசியும் ஒரு காசு குறையவில்லை. ஒன்பது நாளில் பூட்டுக்கடை போயிற்று, அவள் வளையல்கள் போயின. பத்தாம் நாள் மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார்.

"அஞ்சு மணிக்குள்ள கட்டுங்க. இல்லன்னா மூச்சு மெஷினை எடுத்துடுவோம்."

எடுத்தால் வாசல்வரைகூடத் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இது தர்ம ஆஸ்பத்திரின்னு ஊரே சொல்லுதே சார்?"

"ஊருக்கென்ன? ஒருத்தன் மடம் கட்டினதும்பான், ஒருத்தன் கன்னியாஸ்திரிங்க கட்டினதும்பான். தர்மத்துக்குக் கட்டினதுன்னு ஒரே ஒரு தாள் காட்டுங்க. இலவசமா வச்சுக்கறேன்."

மச்சானும் நானும் அடித்தளத்து ரெக்கார்டு ரூமுக்கு ஓடினோம். மூக்கில் துணி கட்டியிருந்த அக்கா ஒரு பீரோவைக் காட்டினார்.

"சாமி சம்பந்தப்பட்டதெல்லாம் அதுலதான். உங்களுக்கு முன்னாடி ஏழு பேர் தேடினாங்க. எல்லாருக்கும் தும்மல்தான் கெடச்சுது."

எங்களுக்கும் அதுவே கிடைத்தது. பிரார்த்தனைப் புத்தகங்கள், நன்றிக் கடிதங்கள், யாரென்றே தெரியாத படங்கள். மணி நாலு.

"மாமா, எங்க அக்கா போயிடுவாளா?" என்றான் மச்சான். எனக்கு வியாபாரி புத்திதான் வந்தது. கடவுள் பார்க்கிற தாளில் மனிதன் ஜோடனை செய்வான். செங்கல் கணக்கில் செய்ய மாட்டான்.

"அக்கா, கட்டடம் கட்டின கணக்கு?"

"அதுவா? மேசைக்கால் ஆடுதுன்னு முட்டுக் கொடுத்திருக்கேன்."

மேசையைத் தூக்கி உருவினோம். யாரோ எண்ணெய் வியாபாரியின் கணக்கு நோட்டு, நூறு வருஷம் பழையது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'கடவுள் துணை'. முதல் பக்கத்தில்: 'என் மகள் பிழைத்தால், இல்லாதவர்க்கு நாற்பது கட்டில் போட்டு மருத்துவமனை கட்டுவேன்.' பதினோராம் பக்கத்தில் செங்கல் விலைக்கும் மணல் விலைக்கும் நடுவே ஒரு வரி: 'இன்று மகள் போனாள்.'

அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் 'கடவுள் துணை' இல்லை. செங்கல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "பொழச்சாத்தானே கட்டறேன்னார்? பொண்ணுதான் பொழைக்கலையே. வேண்டுதல் அத்தோட சரி. அப்புறம் கட்டினது அவர் இஷ்டம். தர்மத்துக்கு இதுல எழுத்து ஏது?"

"யோவ், நீயெல்லாம்..." என்று பாய்ந்த மச்சானைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"சார், கடவுள்கிட்டயே பேரம் பேசின ஆளு இவர். சரக்கு வரலை. ஆனா முழுசாக் கட்டியிருக்கார், பாருங்க." கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்: 'நாற்பது கட்டில் வந்து இறங்கியது.' "எந்த வியாபாரியாவது இந்தப் பாக்கியை விடுவானா? அவருக்கு வர வேண்டியதை எனக்குக் குடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

மேசைமேல் இருந்த போன் அடித்தது. "மணி அஞ்சு சார். மெஷினை எடுத்துடலாமா?" வார்டிலிருந்து பேசிய குரல் எனக்கும் கேட்டது. மேனேஜர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நோட்டைப் பார்த்தார். நான் அவர் பேனாவை எடுத்து, நூறு வருஷமாகக் கூட்டிப் போடாத அந்தக் கணக்கின் அடியில் எழுதினேன்.

கொடுத்தது: கட்டில் நாற்பது.
கேட்டது: உயிர் ஒன்று.
வந்தது: இல்லை.
பாக்கி: உயிர் ஒன்று.