தறிச் சத்தத்தில் பிரெஞ்சு

நான் வாய்விட்டுப் பிரெஞ்சு பேச ஒரே இடம்தான் உண்டு. எங்கள் வீட்டு விசைத்தறிக்குப் பக்கத்தில். காலையில் நைனா டீக்கடைக்குப் போய்விட்டு வரும்வரை இரண்டு தறியையும் நான்தான் பார்த்துக்கொள்வேன். காதில் இயர்போன். அறுந்த இழையைக் கை முடிச்சுப் போடும், வாய் பிரெஞ்சில் கத்தும். அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. அப்புறம் ஓட்டம்தான். அரக்கோணம் ரயிலில் நிற்கவே இடமிருக்காது. கிருத்திகை வந்தால் எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு வரும் காவடிகளுக்கு நடுவில் மூச்சு விடுவதே பெரிய விஷயம். நான் வேலை பார்க்கும் செல்போன் கடையில் நாள் முழுக்க ஆட்கள். வீடு திரும்பிப் புத்தகத்தைத் திறந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும்.

இப்படியே ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். சென்னையில் ஒரு கம்பெனி, பிரெஞ்சுக்காரர்களோடு போனில் பேசும் வேலை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். இன்று போனில் பேச்சுத் தேர்வு. தவறினால் இந்த வருஷம் அவ்வளவுதான். அவர்கள் கொடுத்த நேரமோ சரியாகத் தறி ஓடும் நேரம்.

"நைனா, கொஞ்ச நேரம் தறிய நிறுத்தேன்."

"வேலை நாள்ல எவனாவது நிறுத்துவானா? மலைமேல போய்ப் பேசு."

"அங்க கோயில் மைக்கு, இங்க தறி. நான் எங்கதான் பேசறது?"

நைனா சுவிட்சை அணைத்தார்.

போன் வந்து பேச ஆரம்பித்ததும், திடீரென்று என் குரல் எனக்கே கேட்டது. யாரோ வேறு பெண் பேசுவதுபோல் இருந்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் தேர்வு வைத்த அம்மா. மனப்பாடம் செய்ததில் இரண்டு வரி வந்தது, மூன்றாவது வரவில்லை. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதே இடத்தில் நின்றது. பரவாயில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார்.

அப்போது பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் அழுதுகொண்டே உள்ளே வந்தாள். பின்னால் இன்னும் இரண்டு பேர். கரண்ட் இருக்கும்போது காலையில் தறி நின்றால், எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் சாவு.

"யாருண்ணா? ஊர்லேந்து சாவு தாக்கல் வந்துச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. பாப்பா இங்கிலீஷ் பேசிக்கினு கீது."

"அதுக்கா தறிய நிறுத்தன?"

"இங்கிலீஷ் இல்ல அத்த, பிரெஞ்சு," என்றேன்.

"அது எந்தூர்ல பேசறாங்க?"

போனில் அந்த அம்மா, யார் அழுகிறார்கள் என்று பிரெஞ்சில் கேட்டார்.

"பெர்சோன் நே மோர்," என்றேன். யாரும் சாகவில்லை.

அந்தப் பக்கம் சிரிப்பு. ஏன் அப்படி நினைத்தார்கள் என்று கேட்டார். விளக்கித்தானே ஆக வேண்டும். தறிக்குப் பிரெஞ்சில் என்னவென்று தெரியவில்லை, புடவை செய்யும் மெஷின் என்றேன். கரண்டைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், கோவிந்தம்மாளைச் சொன்னேன். தப்பு வந்தது எனக்கே தெரிந்தது, நின்று திருத்த நேரமில்லை. அவர் கேட்டுக்கொண்டே போனார், நான் சொல்லிக்கொண்டே போனேன்.

போனை வைத்ததும் நைனா சுவிட்சில் கை வைத்தபடி கேட்டார். "என்னாச்சு?"

"அடுத்த ரவுண்டுக்குக் கூப்ட்டுக்கீறாங்க. வியாழக்கெழமை, இதே நேரம்."

"மறுபடியும் நிறுத்தணுமா?"

"ஆங்."

நைனா கோவிந்தம்மாளைப் பார்த்தார். "தெருவுல இப்பவே சொல்லி வெச்சுடும்மா. வியாழக்கெழமையும் இங்க யாரும் சாவலன்னு."