பிண்டர் கவுண்டியின் பேசும் ஓட்டுகள்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிண்டர் கவுண்டி என்ற சிறு மாவட்டத்தில் வாக்குச்சீட்டுகள் பேசத் தொடங்கியது தேர்தல் முடிந்த ஒன்பதாம் நாள், காலை பத்தேகால் மணிக்கு. கவுண்டி ஆணையர் லேமர் டக்கெட் முடிவுகளை உறுதிசெய்து கையெழுத்திட மறுத்திருந்தார். ஓட்டுகளை இயந்திரமே போட்டுக்கொண்டது என்பது அவர் வாதம். அதே வாக்குச்சீட்டுகளில்தான் அவரும் ஆணையர் பதவிக்கு நின்று அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்திருந்தார். கையால் எண்ண உத்தரவிட்டு, முதல் சீட்டை உயர்த்திப் பிடித்து, "இதை ஒரு மனுஷன் போட்டான்னு யாரு சொல்றது?" என்றார்.

"நான்தான் சொல்றேன்" என்றது சீட்டு, டயர் கடை ஹாலிஸின் குரலில். "முட்டிவலியோட வரிசையில நின்னு போட்டேன்."

தேர்தல் எழுத்தர் மைட்டே பதறிப்போனார். "கேக்காதீங்க டக்கெட்! ரகசியமாப் போட்ட ஓட்டு அது."

டக்கெட் ஒவ்வொன்றாகக் கேட்டார். போதகர் யாருக்குப் போட்டார் என்பது மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்தது; தீவனக் கடைச் சகோதரர்கள், ஆளுக்கொரு பக்கம் போட்டது தெரிந்து, கடைக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். நான்காம் நாள் டக்கெட்டின் மனைவி லூரீனின் சீட்டு வந்தது.

"நான்தான் லேமர். உனக்கு எதிராத்தான் போட்டேன். தோத்தாலாவது நீ வீட்டுக்கு வருவேன்னு பாத்தேன்."

"இவ குரல்ல பேசுற மிஷின்" என்றார் டக்கெட்.

பார்வையாளர் வரிசையிலிருந்து லூரீன் எழுந்தாள். "அப்போ நானும் மிஷினா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "இருக்கலாம்."

அன்றே அவள் எல்கோ என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். எண்ணிக்கை ஓர் ஓட்டுகூட மாறவில்லை. நீதிமன்றம் சொல்லி, டக்கெட் கையெழுத்திட்டார்.

அடுத்த தேர்தலில் ஓட்டுச்சாவடி மேசையில் உட்கார ஆள் கிடைக்கவில்லை; ஓட்டுப் போடவும் பலர் தயங்கினார்கள். மைட்டே இரண்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினார். "என் ஓட்டு வாயைத் திறக்காதுன்னு சத்தியம் பண்ணுவியா?" என்று ஹாலிஸ் கேட்டான். அவரால் முடியவில்லை. முன்பு ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் போட்ட ஊரில் அறுநூறு பேர் வந்தார்கள். டக்கெட் ஆறு ஓட்டில் தோற்றார். மறுபடி எண்ணச் சொன்னார்.

பதினேழாவது சீட்டை எடுத்து வழக்கம்போலக் கேட்டார். "நான்தான், லேமர் டக்கெட்" என்றது அது, அவருடைய சொந்தக் கரகரப்போடு. "எனக்கே போட்டுக்கிட்டேன்."

டக்கெட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஆளை எனக்குத் தெரியாது."

மைட்டே சீட்டை வாங்கி, டக்கெட்டின் அடுக்கில் செல்லும் ஓட்டாக வைத்துவிட்டு, பதினெட்டாவதை எடுத்தார்.