மெய்னிர் பிடுங்கிய கல்

1
இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் இட்வால். ஆட்டுச் சந்தையில், கையிலிருந்த டீயைக் குடிக்கவும் மறந்து சொன்னான். எழுத உட்கார்ந்தால் தொடக்கமே சரியாக அமையவில்லை.

‘வேல்ஸ் மலைச்சரிவில் யுகயுகமாய் நின்றது ஒரு’

வேண்டாம். அந்த வீட்டில் யாரும் அந்தக் கல்லை அவ்வளவு பழையதாக நினைக்கவில்லை.

2
மெய்னிரின் கணவன் கெதின் சென்ற குளிர்காலத்தில் இறந்தான். அவர்களுடைய மேல்வயலில் ஆளுயரக் கல் ஒன்று நின்றது. மாடுகள் முதுகு சொறிந்துகொள்ளட்டும் என்று, கல்யாணமான வருஷம் தானே நட்டதாக அவளிடம் சொல்லியிருந்தான். (நம் ஊர் ஆவுரிஞ்சிக் கல் மாதிரி. இங்கே வேல்ஸில் வயலுக்கு வயல் உண்டு. எது மாட்டுக்கு நட்டது, எது ஆதிமனிதர் நட்டது என்று பார்த்தவுடன் சொல்ல எவராலும் ஆகாது.) அவன் நட்டதே அவன் தலைமாட்டில் நிற்கட்டும் என்று முடிவு செய்தாள் மெய்னிர். கொழுந்தன் இட்வால் டிராக்டர் கட்டிப் பிடுங்கிக் கொடுத்தான். கல்தச்சர் கெதினின் பெயரை ஆழமாக வெட்டினார்.

3
கல்லைக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டிய காலையில், மாடு விழுந்து காலை ஒடித்துக்கொள்ளப் போகிறதே என்று குழியை மூடப் போனாள். மழையில் மண் சரிந்து ஒரு பலகைக்கல் தெரிந்தது. தூக்கினாள். கீழே கருகிய எலும்புகள். பல் முளைக்காத தாடைத் துண்டு ஒன்றும் கிடந்தது.

[இங்கே ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். அவள் இட்வாலைக் கூப்பிட்டாள், அவ்வளவுதான்.]

ஆதிகாலத்தார் எரித்த எலும்பின் மேல் கல் நடுவார்கள் என்பது இட்வாலுக்குத் தெரியும். எட்டிப் பார்த்ததும் சொல்லிவிட்டான்.

“அண்ணன் உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கான், அண்ணி. இது அவன் நட்ட கல்லே இல்ல.”

மெய்னிர் பலகைக்கல்லைத் திருப்பிப் பார்த்தாள். ஆணித் துளை இருந்தது. அவர்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையில் வேய்ந்த அதே கல் ஓடு.

“அவருதான் நட்டிருக்காரு. விழுந்து கெடந்ததை நிமுத்தும்போது இதைப் பாத்திருக்காரு. மூடி வச்சிட்டு எங்கிட்ட வாயே தொறக்கல.”

ஏன் மறைத்தான் என்று இட்வால் கேட்கவில்லை. கல் நட்ட அந்த வருஷம்தான் கெதினுக்கும் மெய்னிருக்கும் தலைப்பிள்ளை பிறந்த அன்றே இறந்தது.

“ஒரு பிள்ளை தலைமாட்டுல நின்ன கல்லையா, இட்வால், நான் என் புருஷனுக்குப் புடுங்கினேன்?”

4
தலைப்பிள்ளை விஷயம் கதைக்காகச் செய்தது போலிருக்கிறதே என்று எனக்கே சந்தேகம். நிஜமாகவே அதே வருஷம்தானா என்று இட்வாலைக் கேட்டேன். “அந்தப் பிள்ளையோட பெட்டியைத் தூக்கிட்டுப் போனதே நான்தான்” என்றான். அதன் பிறகு அந்த வரியை அடிக்கக் கை வரவில்லை.

5
முடிவு ஒன்று: குழியை மூடிவிட்டு, கல்லைக் கெதினுக்கே வைக்கிறார்கள். வெளியே தெரிய வேண்டாம் என்பது இட்வாலின் கட்சி.

முடிவு இரண்டு: கல் திரும்ப வயலுக்கே போகிறது. தொல்லியல் அதிகாரிகள் வருகிறார்கள். ஆதிகாலக் கல்லில் அண்மையில் வெட்டிய பெயரைப் பார்த்து

இல்லை, இதையும் என்னால் முடிக்க முடியவில்லை. என்ன நடந்தது என்பதை இட்வால் சொன்னான். நான் எழுதப் போவதில்லை.

கல் டிராக்டர் வண்டியில் கிடக்கிறது. மெய்னிர் அந்தப் பலகைக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இட்வால் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, “கல்லறைக்கா, வயலுக்கா, அண்ணி?” என்று கேட்கிறான். அவள் என் பக்கம் திரும்பவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள்.