மாடிக்காக அழுதவள்

அம்மா போன பிறகு பெரியவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குக் கீழே இருக்கிற பேக்கரி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே விடியுமுன் எழுந்து மாவு பிசைந்ததும், அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டதும் அவள்தான். ஆனால் கல்லாவுக்கு மேலே அம்மா மாட்டியிருந்தது சின்னவள் பட்டம் வாங்கிய போட்டோவை. வருகிறவர் போகிறவரெல்லாம் "இதுதான் உங்க பொண்ணா?" என்பார்கள். பக்கத்தில் மாவுக்கையோடு நிற்கிறவளை யார் பார்த்தார்கள்? அவள் வயிற்றெரிச்சலுக்கு அடுப்பே இல்லாமல் ரொட்டி சுட்டிருக்கலாம்.

அந்த வீட்டில் எதைப் பங்கு போட்டாலும் ஒரு சட்டம் உண்டு. பெரியவள் பிரிக்க வேண்டும், சின்னவள் முதலில் எடுக்க வேண்டும். அம்மா போட்டது. கேக்குத் துண்டிலிருந்து ரிப்பன் வரை அப்படித்தான் நடந்தது. தன் கண் எதன்மேல் விழுகிறதோ, தங்கை கை அதன்மேல்தான் விழும் என்பது பெரியவளின் தீர்மானம். சொத்துக்கும் அதே சட்டம்தான் என்று அம்மாவின் தம்பி, அதாவது மாமா, சொல்லிவிட்டார். அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

பெரியவள் இரண்டாகப் பிரித்தாள். அடுப்பு, மாவு மிஷின், போர்டு உட்பட கடை ஒரு பங்கு. நகை, பீரோ, கட்டிலோடு மாடி வீடு இன்னொரு பங்கு. அதன் பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள், ஒரு நாடகம்! அம்மாவின் பீரோவைத் தடவினாள். தலையணையை மோந்து பார்த்தாள். தங்கை அறைக்குள் நுழைந்ததும் பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். "இந்த மாடி கைவிட்டுப் போச்சுன்னா நான் உசிரோடவே இருக்க மாட்டேன் மாமா" என்று தங்கை காதில் விழும்படி சொன்னாள். கடைப் பேச்சு வந்தால், "அந்த அடுப்படி யாருக்கு வேணும்? உடம்பே வெந்து போச்சு" என்று மூக்கைச் சுளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"சின்னவளே, சொல்லும்மா. எது வேணும்?" என்றார் மாமா.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா அம்மாவின் அறைக்கதவையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'எடுத்துத் தொலையேன்டி மாடியை' என்று உள்ளுக்குள் துடித்தாள்.

"எனக்குக் கடை போதும் மாமா."

பெரியவள் சட்டென்று தங்கை பக்கம் திரும்பினாள். "கடையை வச்சு நீ என்னடி பண்ணுவே? உனக்கு முட்டைகூட ஒழுங்கா உடைக்கத் தெரியாதே!"

"வாடகைக்கு விட்டுடலாம்க்கா. செல்போன் கடைக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். அடுப்பை இடிச்சுட்டு அவரே எல்லாம் பண்ணிக்கிறாராம்." சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சூடு பட்ட தழும்புகளைத் தடவினாள். "எனக்கும் மாடிதான்க்கா ஆசை. நகையெல்லாம் இருக்கே, ஆசை இல்லாம இருக்குமா? ஆனா நீ அழுததைப் பார்த்தேன். எப்பவும் நான்தான் முந்திக்கிட்டு எடுத்திருக்கேன். இதாவது நீ ஆசைப்பட்ட மாதிரி கிடைக்கட்டும்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணுன்னா இவதான் பொண்ணு! என்னம்மா பெரியவளே, சம்மதந்தானே?"

என்னவென்று வாயைத் திறப்பது? அழுததெல்லாம் நடிப்பு, உன்னைப் பேராசைக்காரி என்று நினைத்துத்தான் இத்தனை கூத்தும் என்றா? சொன்னால் கடை கிடைத்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. தங்கை சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்துவிடுவாள். அந்தச் சிரிப்பைத்தான் பெரியவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கொடுத்தவள் என்ற பேரும் அவளுக்கே போக வேண்டுமா? கடையை இடித்தாலும் இடிக்கட்டும்.

"சம்மதம்" என்றாள்.

சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டாள். பெரியவளுக்கு அப்போதுதான் நிஜமாகவே அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. விக்கி விக்கி அழுதாள்.

"அழட்டும், விடுங்க. சந்தோஷத்துல அழறா" என்றார் மாமா.