ரெண்டு ஷிப்ட் வண்டி

கண் முழுசாகப் போவதற்குள் வண்டியை ஒரு நல்ல கையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று தம்மபாலன் முடிவெடுத்தது, கோலார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ்ஸில்தான். வலது கண் போன வருஷமே போயிற்று. இடது கண்ணில் பைப்புக்குள் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். உள்ளே பிரஷர் ஏறி நரம்பு செத்துவிட்டது, செத்தது திரும்பாது, மிச்சமிருப்பதும் ஆறு மாசமோ எட்டு மாசமோ என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மனுஷன் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜாவிடம், "வாங்கறவன் மூஞ்சியப் பார்த்து விக்கணும், கையப் பார்த்து விக்கணும். கண்ணு இருக்கறப்பவே வித்துடணும்" என்றார். கட்டின பெண்டாட்டியின் முகத்தை இன்னும் எத்தனை நாள் பார்க்க முடியும் என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததா? வரவில்லை. சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வண்டி வந்த கதையை சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் பக்கம் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தங்க மைன்ஸை மூடி ஆளுக்கு ஒரு செட்டில்மென்ட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது, விவரமானவர்கள் பெங்களூர் ஓரத்தில் வீடு கட்ட சைட்டு வாங்கிப் போட்டார்கள். விவரமில்லாதவர்கள் குடித்துத் தீர்த்தார்கள். தம்மபாலன் இந்த இரண்டு கூட்டத்திலும் சேரவில்லை. கோவாவில் ஏதோ ஒரு சின்னக் கம்பெனி செய்துகொண்டிருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், கூரையைக் கழற்றி வைக்கலாம், மொத்தமே இரண்டு சீட்டு. அதை வாங்கிக்கொண்டு வந்து லைன் வீட்டு வாசலில் நிறுத்தினார். வீட்டில் அப்போது மூன்று பேர். மூன்றாவது ஆள் டிக்கியிலா என்று சரோஜா கேட்டாள். ஏழு வயசு மகள் ஓவியா, தான் டிக்கியில் வருவதாகச் சந்தோஷமாகச் சொன்னது.

ஏன் வாங்கினார் என்பதை ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. சரோஜாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஷாஃப்டுக்குள் ஆளை இறக்கி ஏற்றும் கேஜைக் கம்பிவடத்தில் ஓட்டுகிற ஆள். இருபது வருஷம் ஒரே நாற்காலி, ஒரே லீவர். "ஆறாயிரம் அடி, ஏழாயிரம் அடின்னு தெனம் அத்தினி பேர காத்தா பறக்க வுட்டேன். நானு உக்காந்த எடத்துலருந்து ஒரு அங்குலம் நவுரல சரோஜா. ஒரு வாட்டியாவது நானும் போய்ப் பார்க்கணும்ல." அவள் அன்றைக்கு வண்டிக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, வைத்திருந்தாலும் வைத்திருந்தார், அப்படி வைத்திருந்தார். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டிலிருந்து காற்றடித்தால் ஊரே மாவு பூசிக்கொள்ளும். வீட்டுச் சோற்றில் அந்தத் தூசி விழுந்திருக்கிறது, வண்டியின் மேல் விழுந்ததில்லை. மூன்று போர்வை, அதற்கு மேல் தார்ப்பாய், அதற்கு மேல் தகரக் கொட்டகை. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து, பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து நிற்பார். இயந்திரத்தின் பக்கத்திலேயே கிடந்த காது கொஞ்சம் மந்தம், அதனால் கைதான் அவருக்குக் காது. ஞாயிற்றுக்கிழமை பேத்தமங்கலா ஏரி வரை ஒரு ஓட்டம். ஒரு வாரம் சரோஜா, மறு வாரம் ஓவியா. கம்பெனி மூடிப் பார்ட்ஸ் கிடைக்காமல் போனபோது, பழைய ஃபிட்டர் நோயலைப் பிடித்து லேத்தில் கடைந்து போட்டார். நிறுத்தி வைத்த மெஷின் செத்த மெஷின் என்பார். மைன்ஸ் மூடின ஊரில் இருந்துகொண்டு இதை யாரிடம் சொல்வது?

ஓவியா இப்போது பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறாள். அவள்தான் படம் பிடித்து போனில் போட்டாள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். விலையை வைத்து ஒருவரும் திரும்பிப் போகவில்லை, எல்லாரும் தம்மபாலனின் கேள்வியில்தான் விழுந்தார்கள். ஓட்டுவியா, நிறுத்தி வெப்பியா? அந்த ஒரே கேள்வி. சைட்டு விற்கிற ஒருத்தர், ஆபீஸ் வாசலில் மாலை போட்டு நிறுத்தினால் அந்தஸ்தாக இருக்கும் என்றார். தம்மபாலன் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார். இன்னொருத்தன் கறுப்புப் பெயின்ட் அடித்து மாதம் ஒருமுறை வெளியே எடுப்பதாகச் சொன்னான். அவனும் போனான். பொண்ணுக்குக்கூட நீ இத்தனை மாப்பிள்ளை பார்க்கமாட்டே என்று நோயல் கிண்டல் செய்தார். அதற்குள் இடது கண்ணின் பைப்பு இன்னும் கொஞ்சம் குறுகியிருந்தது.

பங்குனி வெயிலில் சரத் வந்தான். முப்பது வயசு இருக்கும், பெங்களூர்ப் பையன், தமிழும் கன்னடமும் கலந்து பேசினான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டகைக்குள் நுழைந்தான். தம்மபாலனுக்கு அங்கேயே பாதி மனசு இளகிவிட்டது. சுற்றிச் சுற்றி வந்தான், குனிந்து பார்த்தான், சிவப்பு கொஞ்சம்கூட வெளுக்கவில்லையே என்று வாயைப் பிளந்தான். தம்மபாலன் அவன் கையைப் பிடித்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். சுத்தமான கை. பிறகு கேள்வியைக் கேட்டார்.

"நிக்கறதா? சான்ஸே இல்ல அங்கிள்" என்றான் சரத். "தெனம் ரெண்டு ஷிப்ட். காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. சீசன்ல மூணுகூட."

தம்மபாலன் அப்படியே நின்றுவிட்டார். ரெண்டு ஷிப்ட்! அந்த வார்த்தையை வேலையோடு சேர்த்துக் கேட்டு எத்தனை வருஷம்! சீசனில் மூன்று ஷிப்ட் என்றால் முழு ஓட்டம், மைன்ஸ் மாதிரியே. எங்கே, எதற்கு, யாரை ஏற்றிக்கொண்டு என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. மூன்று ஷிப்ட் ஓடுகிற மெஷினை எதற்கு ஓட்டுகிறாய் என்று யாராவது கேட்பார்களா? பேசின விலையில் இருபதாயிரம் தானாகவே குறைத்தார். சரோஜா முழங்கையால் இடித்தது அவருக்கு உறைக்கவில்லை.

வண்டியை எடுக்க லாரி வந்தது. ஓட்டிக்கொண்டு போகலாமே என்றதற்கு, இன்ஷூரன்ஸ் முடிந்திருக்கிறது, வழியில் ஒரு கீறல் விழுந்தாலும் மனசு கேட்காது என்றான் சரத். அதுவும் தம்மபாலனுக்குப் பிடித்திருந்தது. லாரி திரும்பி மறைகிறவரை பார்த்தார். பைப்புக்குள் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

ஆவணிக்குள் கண் முழுசாக இருண்டுவிட்டது. ஆனால் பாருங்கள், மனுஷன் சந்தோஷமாக இருந்தார். காலையில் எழுந்து உட்கார்ந்து, இந்நேரம் முதல் ஷிப்ட் கிளம்பியிருக்கும் என்பார். சாயந்திரம், இரண்டாவது முடிந்து ஹொஸ்கோட்டை தாண்டியிருக்கும் என்பார். நோயல் வந்தால் கணக்குப் போட்டுக் காட்டுவார், மாசம் அறுபது ஓட்டம், இருபது வருஷத்தில் தான் ஓட்டாததை அந்தப் பையன் ஒரே வருஷத்தில் ஓட்டிவிடுவான் என்று. இருட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு ஓடுகிற ஒன்று கிடைத்ததே என்று சரோஜாகூட ஒத்து ஊதினாள். இப்போ எங்கங்க போவுது உங்க சக்களத்தி என்று அவளே கேட்பாள். அவர் வழி சொல்வார், கோலார், நரசாபுரா, ஹொஸ்கோட்டை என்று ஒவ்வொரு ஊராக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரத் போன் செய்தான். ஓவியா ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் காதருகே பிடித்தாள். பையன் குரலில் அத்தனை அன்பு. ரிசார்ட்டில் வண்டியைப் புல்தரைக்கும் நீச்சல் குளத்துக்கும் மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருக்கிறதாம், கனம் தாங்கவில்லையாம், அதனால் இன்ஜினைக் கழற்றிவிட்டானாம். பழைய இரும்புக்காரன் விலை கேட்டானாம்.

"எனக்கு மனசு வரல அங்கிள். நீங்க அவ்ளோ நல்லா வெச்சிருந்தீங்க. அதான் உங்களுக்கே அனுப்பிட்டேன். நீங்களே வெச்சிக்கோங்க, காசெல்லாம் வேணாம்."

தம்மபாலன் போன் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பினார். "அப்ப ரெண்டு ஷிப்ட்டு?"

"இன்னா ஷிப்ட் அங்கிள்? ஓ, ஷூட்டா? போட்டோ ஷூட். கல்யாண ஜோடிங்க உக்காந்து எடுத்துக்கறாங்க. காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு, நான் சொன்னேனே. எல்லாரும் உங்க வண்டியத்தான் கேக்கறாங்க."

அவன் மேல் என்ன தப்பு? சொன்னதைத்தான் செய்தான், மந்தக் காதில்தான் ஷூட் ஷிப்ட்டாக விழுந்திருந்தது. ஓவியா அவசரமாக நன்றி சொல்லி போனை வைத்தாள். சரோஜா காபி கொண்டுவந்து தம்மபாலன் கையில் கொடுத்தாள், அது ஆறிப்போனது.

மத்தியானம் குட்டியானை வேன் வந்தது. டிரைவர் மனோகர் ஆண்டர்சன்பேட்டைக்காரன். அவனும் கூட வந்த ஆளுமாகப் பலகை போட்டு இன்ஜினைச் சறுக்கி இறக்கினார்கள். கொட்டகை இப்போது ஓவியாவின் ஸ்கூட்டருக்கும் விறகுக்கும் ஆகிவிட்டது, அதனால் வாசலிலேயே வைத்தார்கள். தம்மபாலன் சுவரைத் தடவிக்கொண்டு வந்து அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கை தானாகப் போய் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நோயல் கடைந்துகொடுத்த மூடி இருந்தது. வெட்டிவிட்ட ஒயர்கள் விரலில் குத்தின. ஆயில் பார்க்கும் குச்சியை உருவி, வேட்டியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். பங்குனியில் லாரி வருவதற்கு முந்தின நாள் அவர் கையால் ஊற்றிய அதே ஆயில். தேன் மாதிரி வழவழவென்று இருந்தது, ஒரு துளி கருக்கவில்லை. ஆறு மாசமாக ஒரு நாள்கூட அது ஓடவில்லை.

சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் திட்டினவள்தான், ஆனால் இப்படி அறுத்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், அவருக்குக் கேட்கக் கூடாது என்று.

மனோகர் கையைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டான். "இன்னா பெரியவரே, ரிப்பேரா?"

"இல்லப்பா. ஒரு ரிப்பேரும் இல்ல. இப்ப பெட்ரோல் ஊத்தி ஒயர் குடுத்தா ஒரே செல்ஃப்ல எழுந்துக்கும்."

"அப்பறம் ஏன் கழட்டிட்டாங்க?"

தம்மபாலன் உள்ளங்கையை இன்ஜினின் மேல் வைத்தபடியே இருந்தார். அது சில்லென்று இருந்தது.

"தேவைப்படலியாம்" என்றார். அதற்குப் பிறகுதான், ஆஸ்பத்திரியிலும் அழாத அந்தக் கண்களிலிருந்து, தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்க, தண்ணீர் கொட்டியது.