சாம்பல் பெட்டியில் ஐந்து கிழங்கு

ராஜபாளையத்தில் எங்கள் மில் காலனிக்கு வருகிறவர்கள் என் வேலியைப் பார்க்காமல் போனதில்லை. கண்வலிக்கிழங்குக் கொடி, கார்த்திகையில் அடுப்பு நெருப்பு மாதிரி பூத்துக் கிடக்கும். கிழங்கு விஷம் என்பது எனக்குத் தெரியும். சொன்னால் பிடுங்கிப் போடச் சொல்வார்கள் என்று மூச்சு விடவில்லை. அந்தப் பூ மேல் அவ்வளவு ஆசை எனக்கு.

மார்கழியில் கொடி காய்ந்ததும் ஐந்து கிழங்கைத் தோண்டினேன். மழைக்கு நடலாம் என்று ஓலைப்பெட்டியில் சாம்பல் போட்டு, அடுப்படி மூலையில் வைத்தேன். வைக்கிற இடமா அது? புத்தி கெட்டவள் நான்.

எண்பத்தேழாம் வருஷப் பொங்கல் காலையில் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தேன். பெட்டியில் வெறும் சாம்பல் இருந்தது. தேவதானத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் வெள்ளத்தாய் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதையா தேடுதிய மதினி? கரும்போட சேத்து நூர்பானு வீட்டுக்குக் குடுத்துட்டேன். மூலையில இருக்க கிழங்கக் குடுன்னு நீங்கதான சொன்னிய."

நான் சொன்னது அதே மூலையில் சாக்கில் இருந்த வள்ளிக்கிழங்கை. குடத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

அங்கே அடுப்பில் பானை கொதித்தது. "தின்னாதட்டி, வெசம்" என்று பானையை முற்றத்தில் கவிழ்த்தேன். கிழங்கை எண்ணினேன். நாலு. மறுபடி எண்ணினாலும் நாலுதான்.

"இன்னொண்ணு எங்க?"

"மாஜிதா கையில வச்சிருந்தாளேக்கா" என்றாள் நூர்பானு.

அவளுடைய ஐந்து வயது மகள் மாஜிதா கொல்லையில் இருந்தாள். கையெல்லாம் மண்.

"நட்டுட்டேன் பெரியம்மா. எங்க வீட்லயும் பூக்கும்லா?"

எனக்குப் போன உயிர் வந்தது. மண்ணைக் கிளறிக் கிழங்கை எடுத்தேன். ஒரு முனையில் சின்னதாகப் பல் பதிந்திருந்தது.

"கசந்துச்சு. துப்பிட்டேன்" என்றாள் பிள்ளை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். மூன்று நாள் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மூன்று நாளும் வராந்தாவிலேயே கிடந்தேன். அவள் இருமினால்கூட ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். எங்கள் சாமி, அவர்கள் சாமி, ஒருவரையும் விடாமல் கூப்பிட்டேன்.

நாலாம் நாள் மாஜிதா இட்லி கேட்டாள். நான் அழுதுவிட்டேன்.

நூர்பானு அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எனக்குத்தான் தெரியாதுக்கா. ஒனக்குத் தெரியும்லா?"