ஐந்தாவது வருடத்துக்கு ஒரு சாவு தேவை

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. மினசோட்டாவில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பல்கலைக்கழகத்தில், மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகத்தின் முன்மேசை என்னுடையது. ஆலோசகருக்கும் எனக்கும் நடுவே ஓர் அட்டைத் தடுப்பு. கேட்காமல் இருக்க நான் முயன்றதுமில்லை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: அப்பா இறந்த அக்டோபரில் மார்னி லுண்ட் தன்

அதோடு நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

2

மார்னி உயிரியலோடு பஸூனும் படித்தாள். (மார்பு உயரத்துக்கு நிற்கும் ஊதுகுழல். ஆமாம், அதற்கும் பட்டம் தருகிறார்கள்.) வேதியியல் லேபும் இசைக்குழு ஒத்திகையும் செவ்வாய் மதியம் ஒரே மணிக்கு வந்தன. இரண்டில் எதையும் விட அவளுக்கு மனமில்லை. ஒன்றை அடுத்த வருடத்துக்குத் தள்ளினாள்; நான்கு வருடப் படிப்பு ஐந்தானது. அவ்வளவுதான்.

ஆனால் அவள் ஆசைப்பட்ட மருத்துவக் கல்லூரியின் மனுவில் ஒரு கட்டம் இருக்கிறது: தாமதத்துக்குக் காரணம்.

3

ஆலோசகர் கெல்லர் அவள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"டைம்டேபிள் இடிச்சுதாம்! கமிட்டியில மனுவைப் படிக்கிறவன் கொட்டாவி விடுவான், மார்னி. மூணாவது வருஷம் உங்க அப்பா தவறிட்டார்ல?"

"ஆமா சார்."

"அதப் போடு. துக்கத்துல ஒரு வருஷம் பின்தங்கிட்டேன்னு ஒரே வரி. செத்தது நிஜம்தானே?"

"அடக்கம் முடிஞ்ச மறுநாளே லேபுக்குப் போனேன். அந்த செமஸ்டர் ஏ கிரேடு. எங்கப்பாவால எனக்கு ஒரு நாள்கூட லேட் ஆகல சார்."

"அது கமிட்டிக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் உத்தமனா எழுதினான். இப்போ அவங்க மாமா கடையில டயர் மாத்திட்டிருக்கான்."

4

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண் தனக்குப் பிடித்த இரண்டைப் படித்தாள் என்பது போதாதாம். வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டுமாம்! கெல்லர் மீது மட்டும்தான் கோபம் என்று நினைக்காதீர்கள். நான் எழுதி நிறுத்திய வரியைப் பாருங்கள். மூன்று மணி நேரம் லாரி ஓட்டிக் கச்சேரிக்கு வந்து, "ஒண்ணும் புரியல, ஆனா நல்லா ஊதின" என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் அந்த அப்பா.* அவரைச் சாகடித்துத்தான் நானும் கதையை ஆரம்பித்தேன்.

* இந்த லாரியும் கச்சேரியும் என் கற்பனை. பார்த்தீர்களா, மறுபடியும் உங்கள் கண்ணீருக்குக் கை நீட்டுகிறேன். கதை எழுதுவது வெட்கங்கெட்ட தொழில்.

5

மார்னி இப்போது என் மேசைக்கு எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள். மனு மூட இருபது நிமிடம். கட்டத்தில் இரண்டு வாக்கியங்களும் இருக்கின்றன. ஒன்றோடுதான் மனு போகும்.

"நீங்க எல்லாத்தையும் கேட்டுட்டுதானே இருந்தீங்க? எத வைக்கட்டும்?"

பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. முடிவை உங்களிடம் தள்ளுகிறேன், பெருந்தன்மையால் அல்ல. அந்தக் கமிட்டியே நீங்கள்தான். டைம்டேபிள் என்றபோது நீங்கள் அசையவில்லை. அப்பா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். அது அவளுக்கும் தெரியும்.

அவள் விரல் அழிக்கும் பொத்தானில் இருக்கிறது. சொல்லித் தொலையுங்கள், எதை அழிக்கட்டும்?